அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்

இந்த சீட் ஏன் இன்னும் ஆறவில்லை?

யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோன சூடு. நெவார்க்கில் ஏறி உட்கார்ந்தபோதே வசந்தாமணி அதை உணர்ந்தாள். நியூயார்க்கிலிருந்து வந்தவர் யாராவது இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது பிலடெல்பியாவும் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளே உட்கார்ந்திருக்கிறாள். அடியிலிருந்து வரும் சூடு மட்டும் அவளுடையது இல்லை.

தடதடப்பு இல்லாத ரயிலில் அவள் இதுவரை போனதில்லை. திறக்க முடியாத ஜன்னலுக்கு வெளியே மொட்டை மரங்களும் கிடங்குகளும் ஈயநிறத்து ஆறும், யாரோ பின்னாலிருந்து வெடுக்கென்று உருவுவதுபோல் ஓடி மறைந்தன. வளைவுகளில் பெட்டி மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தபோது வயிறு ஒரு கணம் எங்கோ தங்கிவிட்டு வந்தது. பெட்டியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. சூடாக்கிய காற்றில் காப்பி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும், இரண்டுக்கும் அடியில் யாரோ முட்டிக்குத் தேய்த்த தைலத்தின் வாசனையும் இருந்தன.

மேஜை போட்ட நான்கு பேர் இடத்தில், முன்னோக்கிப் பார்க்கும் ஜன்னல் சீட் அவளுடையது. மகன் அகிலன் பார்த்துப் பார்த்து எடுத்தது. நெவார்க் பிளாட்பாரத்தில் போனைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. யார் கேட்டாலும் சீட்டை மாத்திக்காத."

"கேட்டா என்னடா சொல்றது?"

"நோன்னு சொல்லு. போன வருஷம் லோயர் பெர்த்தைத் தூக்கிக் குடுத்துட்டு, மேல ஏறி முட்டியை உடைச்சுக்கிட்டது யாரு?"

"பாவம் கண்ணு, அந்தப் புள்ள மாசமா இருந்துச்சு."

"உனக்கு எல்லாரும் பாவம்தான். பால்டிமோர் தாண்டினதும் ஒரு டனல் வரும், பயப்படாத, ரெண்டு நிமிஷம்தான். வான்மதி ஸ்டேஷனுக்கு வந்துடுவா."

ரயில் நகர்ந்தபோது கையை ஆட்டினான். கண் போனில் இருந்தது.

ஜெர்சி சிட்டியில் இருபத்தோராவது மாடியில் ஐந்து வாரம் பேத்தியைப் பார்த்துக்கொண்டாள். டேகேரில் இடம் கிடைத்தது. அதற்குள் வாஷிங்டனில் மகள் வான்மதிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'அம்மா' என்ற வார்த்தையிலிருந்து ஓர் அம்புக்குறி அங்கே போனது. ஐந்து வாரத்தில் அவளை ஒருவரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே இந்த ரயிலில் தனியாக உட்கார்ந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

நிமிர்ந்தாள். எதிர் சீட்டில், ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டியபடி, ஒரு பெண். தன் வயதுதான் இருக்கும். சேலை, அதன்கீழ் தடித்த சாக்ஸ், ஓட்டப்பந்தய ஷூ, மகனோ மருமகனோ போட்டுக் கழித்த கம்பெனி ஜாக்கெட். பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மாக்களின் சீருடை. வசந்தாமணியும் அதைத்தான் போட்டிருந்தாள். எங்கே ஏறினாள்? வில்மிங்டனிலாக இருக்கலாம். கவனிக்கவில்லை.

"ஆச்சுங்க, நீங்க?" என்றாள். தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது. "எங்கூர்ப் பக்கங்களா?"

"கோபிங்க."

இத்தனை வேகத்தில், இத்தனை தூரத்தில், கோபி.

டிக்கெட் பார்ப்பவர் வந்தார். வசந்தாமணியின் போனைப் பார்த்துத் தலையாட்டினார். எதிர்ப்பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

"அக்கா, திரும்பி உட்கார்ந்து வந்தா எனக்குத் தலை சுத்துதுங்க. கொஞ்சம் மாறிக்கலாங்களா? அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான்."

"அதுக்கென்னங்க. பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன், மாறிக்கலாம்."

சொல்லி முடித்தபிறகுதான் அகிலன் நினைவுக்கு வந்தான். அறுபத்தொரு வருடமாக அவள் வாயில் 'அதுக்கென்னங்க' தயாராக நிற்கிறது. எழுந்தவள், ஊர் பஸ்ஸில் செய்கிற பழக்கத்தில் கைக்குட்டையை விரித்துத் தன் சீட்டில் போட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது ரயில் பால்டிமோரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்தவர்களில் பாதிப்பேர் இறங்கியிருந்தார்கள். அந்தப் பெண் மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். கைக்குட்டை எதிர் சீட்டில் கிடந்தது. நான்கு மூலையும் இழுத்து நீவிவிடப்பட்டு.

"உங்களுக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கேனுங்க. உட்காருங்க."

கைக்குட்டையை எடுக்கக் குனிந்தாள். விரல் சீட்டில் பட்டது. ஐஸ். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, யோசிக்காமல் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அதே சூடு.

"அது என்ற சீட்டுதானுங்க," என்றாள் அந்தப் பெண். "நான் உட்கார்ந்த சூடு இன்னும் ஆறலை பாருங்க."

வசந்தாமணி கைப்பையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒரு மார்கழியில ஒரு அம்மா கேட்டாங்க. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்னாங்க. பாவமேன்னு குடுத்தேன். அவங்க என்ற பையை எடுத்துட்டு எறங்கிட்டாங்க. என்னால எறங்க முடியலை. என்ற பையன் வந்து நின்னான். வாம்மான்னு பையை வாங்கிக்கிட்டான்."

"அவங்களையா?"

"போன் பேசிட்டிருந்தானுங்க. மூஞ்சியைப் பார்க்கலை." குரலில் கோபம் இல்லை. "அப்புறம் ஒரு தடவை குடும்பத்தோட இதே ரயில்ல போனாங்க. பேரன் அவங்க மடியில. நல்லாத்தான் பார்த்துக்கறாங்க."

வான்மதி பார்ப்பாள். மகள் அல்லவா? இறங்கியதும் முகத்தைத்தான் பார்ப்பாள். பார்ப்பாளா? ராத்தூக்கம் கெட்டவள். மடியில் போன் ஒளிர்ந்தது. வான்மதி அனுப்பியிருந்தாள்: 'வெளியே கார்லயே இருக்கேன்மா. நீயே வந்து ஏறிக்கோ.'

ஜன்னல் கறுத்தது. டனல்.

காது அடைத்தது. விளக்கு ஒருமுறை இமைத்தது. தைல வாசனை மூக்கருகே வந்தது. திரும்பக் கூடாது என்று நினைத்தபடியே ஜன்னலைப் பார்த்தாள். அதில் அவளே இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். லோயர் பெர்த்தைக் கொடுத்தபோது சிரித்த சிரிப்பு. அகிலன் கல்யாணத்துக்குப்பின் தன் படுக்கையறையைக் கொடுத்தபோது சிரித்ததும் அதுதான்.

இங்கே வசந்தாமணி இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்திருந்தாள்.

ஜன்னலில் இருந்தவள் எழுந்தாள். கைப்பையை மேஜைமேல் விட்டாள். அகிலனின் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். சுற்றிக்கொண்டு போய் எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். கைக்குட்டைமேல். முட்டியைச் சேர்த்துக்கொண்டு. அடக்கமாக.

அவள் விட்ட இடத்தில் கோபிக்காரி உட்கார்ந்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். கொசுவத்தைச் சரிசெய்தாள். கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்தாள்.

இரண்டு நிமிஷம் என்றான் அகிலன்.

முடிந்திருக்கும்.

இன்னும் இருட்டு.

போனில் நேரம் மாறவில்லை. பெட்டியில் யாரும் இல்லை. எப்போது போனார்கள்? சத்தமே இல்லை. வேகம் மட்டும். எதிர் சீட்டின் மெத்தை, யாரோ உட்கார்ந்ததுபோல், மெல்ல அமுங்கியது.

"எந்திரிங்கக்கா." காதோரம். குளிர்ந்த மூச்சு. "அங்க ஜன்னல்லதான் குடுத்துட்டீங்களே. இனி என்ன?"

வாய்க்குள் பழைய சொல் புரண்டது. அதுக்கென்னங்க. அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"மாட்டேனுங்க," என்றாள் வசந்தாமணி, மெதுவாக.

ஜன்னலில் அவள் உதடு அசையவில்லை. எதிர் சீட்டிலிருந்து, ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டியபடி, சிரித்துக்கொண்டே இருந்தாள்.