கோவில்பட்டியில் சொத்தைப்பல் இல்லை

பேச்சிமுத்து உட்கார்ந்த வேகத்தில் சிகிச்சை நாற்காலி அவரைக் கீழே இறக்கிவிட்டது.

“இந்த வாய் ஒப்பந்தத்துக்கு உகந்ததல்ல. அடுத்தவர் வரலாம்,” என்றது அதன் தேன் குரல்.

கன்னம் வீங்கி நின்றவரைப் பார்த்ததும் பல் மருத்துவர் செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் வலிக்கிறவனை வாசலோடு விரட்டவா இத்தனை வருஷம் படித்தாள்?

எல்லாம் மருத்துவமனைகளோடு அரசு போட்ட புது ஒப்பந்தம் செய்த கூத்து. ஊரில் ஒவ்வொருவர் கடைவாய்ப் பல்லிலும் அரிசிமணி அளவில் ஒரு பல்லொற்றன் ஒட்டியிருக்கிறது. கிருமிகள் சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கும். எச்சிலில் அந்தப் புளிப்பு ஏறினால் பல்லொற்றன் உடனே சிகிச்சை நாற்காலிக்கும் பல்நல ஆணையத்துக்கும் கோள் சொல்லிவிடும். எந்த மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் சொத்தை பெருகுகிறதோ, அங்கே நாற்காலி தானாகவே பூட்டிக்கொள்ளும். வெளியூர் மருத்துவர்கள் சுலபமாக வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல பல்லுக்காரர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். வலிக்கிறவன் வீட்டில் கிடந்து கத்தினால் யாருக்கு என்ன?

கோவில்பட்டியில் அது நடக்குமா? பாதி ஊருக்குக் கடலைமிட்டாய்ப் பட்டறையில்தான் பிழைப்பு. பேச்சிமுத்து அங்கே பதம் பார்ப்பவர். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துக் கடிப்பார். மொறுக்கென்று உடைந்தால் பதம்; பல்லில் ஒட்டினால் இன்னும் கொதிக்கவேண்டும். ஊருக்கெல்லாம் இனிப்பைக் கொடுத்துவிட்டுச் சொத்தையைத் தன் வாயில் வைத்துக்கொண்ட மனிதர்.

“உசுரு போவுது டாக்டரம்மா. இடுக்கிய வச்சு நானே புடுங்கிரட்டா?”

“சும்மா இருங்க அண்ணாச்சி! மொதல்ல அந்தக் கோள்சொல்லியப் புடுங்குறேன்.”

பல்லொற்றனைப் பெயர்த்து ஒரு செயற்கைப் பல்லில் ஒட்டினாள். ஆப்பசோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் டம்ளரில் அதைப் போட்டாள். சோடாத் தண்ணீரில் புளிப்பு எங்கிருந்து ஏறும்?

“இந்த வாய் மிக ஆரோக்கியமானது. அமரலாம்,” என்றது நாற்காலி. வலியோடு வலியாகப் பேச்சிமுத்து சிரித்துவிட்டார்.

விஷயம் பட்டறை பட்டறையாகப் பரவியது. திரைக்குப் பின்னால் டம்ளர்கள் பெருகின. செண்பகவல்லி ஓய்வில்லாமல் சொத்தையைச் சுரண்டினாள், அடைத்தாள், பிடுங்கினாள். டம்ளர்களோ ஊரே நலம் என்று ஆணையத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன.

ஒருநாள் ஆணையத்தின் அதிகாரி ஞானதுரை பொன்னாடையோடு வந்தார். மிச்சமிருந்த ஒரு சொத்தைப்பல்லுக்காக அன்று வந்திருந்த பேச்சிமுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவருக்குக் கடலைமிட்டாய் நீட்டினார். அதிகாரி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வாழ்த்துகள் டாக்டர்! மாநிலத்துலயே சொத்தை இல்லாத ஒரே ஊர் உங்க ஊர்தான். நோயே இல்லாத ஊருக்கு மருத்துவமனை எதுக்கு? இன்னையோட மூடுறோம்.”

“இவ்வூரில் பல்நோய் இல்லை,” என்று சொல்லி நாற்காலி பூட்டிக்கொண்டது. பேச்சிமுத்து அதையே வெறித்துப் பார்த்தார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தது. செண்பகவல்லிக்குத் தன் மேலும் கோபம், எதிரே நிற்கிறவர் மேலும் கோபம். திரையைப் பிடித்து இழுத்தாள்.

“பாருங்க சார், உங்க நோயில்லாத ஊரு! இந்த டம்ளருங்களுக்குத்தான் சொத்தை இல்ல. மனுசங்களுக்கு இருக்கு. இந்தா நிக்காரே, இவரு கன்னத்தப் பாருங்க! இப்பவே எல்லாத்தையும் அவங்கவங்க வாயில ஒட்டிருதேன். நாற்காலியத் திறங்க.”

ஞானதுரை பதறிப்போய்க் குறுக்கே வந்தார். “வேண்டாம் டாக்டர்! ஒட்டினா நோய் ஒரேயடியாக் கூடினதாக் காட்டும். மோசமான மருத்துவமனைன்னு அப்பவும் பூட்டிரும். விதி அப்படி. நானும் சேர்ந்து எழுதின விதிதான்.”

படபடப்பில் கையிலிருந்த மிட்டாயை வாயில் போட்டுக் கடித்தார். மொறுக்கென்றது. உடைந்தது மிட்டாய் மட்டுமல்ல. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, திறக்கச் சொல்லி நாற்காலியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இவ்வூரில் பல்நோய் இல்லை,” என்றது நாற்காலி மறுபடியும்.

“நோய் இருந்தாலும் பூட்டு, இல்லாட்டியும் பூட்டு,” என்றாள் செண்பகவல்லி. “அப்ப எப்பதான் சார் திறப்பீங்க?”

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அதிகாரி தாடையைப் பிடித்தபடியே நின்றார். பேச்சிமுத்து நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டார்.