மொய்க்கழிப்பான்

ஞானசிகாமணியின் அறைக் கதவில் பூஜ்யம் என்று வந்தபோது நூலகவியல் துறையில் ஒருவரும் அதைச் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. டீ குடிக்கப் போனவர்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்தார்கள். இழவு வீட்டைத் தாண்டிப் போகிறவன்கூட ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். இங்கே அந்த மரியாதையும் இல்லை.

ஒவ்வொரு ஆராய்ச்சியாளர் கதவிலும் ஒரு தாக்கமானி இருந்தது. அவர் எழுதிய கட்டுரைகளை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். எண் ஏறினால் ஆய்வகம், உதவியாளர்கள், ஜன்னல் வைத்த அறை, கேன்டீனில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. எண் இறங்கினால் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். பூஜ்யமானால் அந்த வெள்ளிக்கிழமையே ஆய்வகத்துக்குப் பூட்டு.

எதிர் அறை பேராசிரியர் மங்கையர்க்கரசியுடையது. அவள் கதவில் எண் தகதகவென்று மின்னியது. சிகாமணிக்குப் பூஜ்யம் போட்டது அவள் செய்த கருவி. இரண்டு பேரும் ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தவர்கள், ஒரே பொட்டலத்தில் சுண்டல் தின்றவர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் அறைக்குள் போக முடியாமல் வராந்தாவிலேயே நின்றாள்.

கருவியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். தாக்கமானி வந்த புதிதில் படித்தவர்கள் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமா? நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று கல்யாண வீட்டு மொய் மாதிரி மேற்கோள் வைத்துக்கொண்டார்கள். கரையானைப் பற்றி எழுதியவர் கண்புரை டாக்டரைக் காட்டினார். டாக்டர் பதிலுக்குக் கரையானைக் காட்டினார். வெட்கமே கிடையாது. மங்கையர்க்கரசி கண்டுபிடித்த மொய்க்கழிப்பான், இரண்டு பேர் மாறி மாறிக் காட்டிய மேற்கோள்களைத் தேடிப் பிடித்துத் தள்ளுபடி செய்தது. பெரிய பெரிய எண்களெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. ஊரே கைதட்டியது.

சிகாமணி தன் அறையிலேயே நடத்திய ஆய்வகத்துக்குப் பெயர் செவித்தேடகம். நூலகங்கள் எல்லாம் விழித்தேடிக்கு மாறிவிட்ட காலம் அது. வாசகர் திரையைப் பார்த்தால் போதும், அவர் பார்வை எந்தப் பெயரில் நிற்கிறதோ அந்தப் புத்தகம் கைக்கு வரும். கண் தெரியாதவர் என்ன செய்வார்? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உழைத்தவர்கள் நாட்டில் இரண்டே பேர், நெல்லையில் சிகாமணியும் வாணியம்பாடியில் ருகையா பேகமும். அவர் இவரைத்தான் காட்ட முடியும், இவர் அவரைத்தான். வேறு ஆள் ஏது? கழிப்பானுக்கு அதெல்லாம் தெரியாது. மொய் என்று இரண்டு பேரையும் துடைத்துவிட்டது.

மங்கையர்க்கரசி ஒருவழியாகச் செவித்தேடகத்துக்குள் நுழைந்தாள். மூலையில் ஆவுடையப்பன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாடப்புத்தகம் தேடிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வாத்தியார் வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர். இந்த இடத்தை விட்டால் அவருக்கு வேறு நூலகம் இல்லை.

"சிகாமணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உக்காந்து சொல்லு மங்கை. நாற்காலி வெள்ளிக்கிழமை வரைக்கும் நம்ம நாற்காலிதான்."

அவள் உட்காரவில்லை. "கழிக்கிற யோசனை உன்னோடது."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? கட்டுரையைப் படிச்சிட்டு நீதானே ஓடி வந்து மேசையைத் தட்டிப் பாராட்டினே?"

உண்மைதான். ஒலிப்புத்தகம் கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் பரிந்துரை செய்வதைப் பற்றி அவன் எழுதியிருந்தான். இரண்டு சிநேகிதர்கள் மாறி மாறிச் சொல்லும் பரிந்துரையைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்பது அவன் யோசனை. அதை அப்படியே மேற்கோளுக்கு மாற்றியதுதான் மொய்க்கழிப்பான்.

"ஏன் என் பேரைப் போடலை? அதை மட்டும் ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன்."

"ஒரே துறை. ஒரே கைடு. மொய்யை ஒழிக்க வந்தவளே சிநேகிதனுக்கு மொய் வைக்காள்னு சொல்லிருவாங்களேன்னு..." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எடுத்துட்டேன். அச்சுக்குப் போற அன்னிக்கு எடுத்தேன்."

சிகாமணி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பேரு போகட்டும், விடு. அந்தக் கடைசிப் பத்தியையாவது போட்டிருக்கலாம்லா?"

அந்தப் பத்தி அவளுக்கு மனப்பாடம். 'ஆள் நிறைய இருக்கும் இடத்தில்தான் இந்தக் கழித்தல் செல்லும். இரண்டே பேர் இருக்கும் இடத்தில், அவர்கள் ஒருவரை ஒருவர் சொல்லாமல் யாரைச் சொல்வார்கள்?' அதைப் போட்டால் எங்கிருந்து எடுத்தாள் என்று சொல்ல வேண்டிவரும். அதனால் அதையும் சேர்த்தே விழுங்கியிருந்தாள். தன் நல்ல பெயருக்காக ஒருவன் வாயில் மண்ணைப் போட்டிருந்தாள்.

"நான் சரி பண்ணுதேன்," என்றாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுதேன்."

மறுநாளே எழுதினாள். பூசி மெழுகாமல் எழுதினாள். யோசனை தன்னுடையது அல்ல, மறைத்தது தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டு, கடைசிப் பத்தியை முழுசாக எடுத்துப் போட்டு, சிகாமணியின் கட்டுரையை மேற்கோள் காட்டி வெளியிட்டாள். ஒரே ஒரு மேற்கோள் நின்றால் போதும், பூட்டு விழாது. வெளியிட்டதும் ஓடிப்போய் அவன் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

ஒன்று என்று வந்தது.

"சிகாமணி! இங்க வந்து பாரேன்!"

அவன் எழுந்து வருவதற்குள் மறுபடியும் பூஜ்யம். அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்தப் பழைய கட்டுரையில் சிகாமணி அவளுடைய ஏதோ ஒரு சின்ன ஆய்விலிருந்து ஒரு வரி எடுத்திருந்தான். எடுத்த இடத்தை ஒழுங்காகச் சொல்லியிருந்தான். இப்போது அவளும் அவனைக் காட்டிவிட்டாள். கழிப்பான் கணக்கில் அது சுத்தமான மொய்.

மதிப்பீட்டுக் குழுத் தலைவரைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் கழிப்பானை நிறுத்தி வையுங்கள் என்றாள்.

"மேடம், உங்க சிநேகிதருக்காக நிறுத்தினா அதுக்கு என்ன பேரு?" என்றார் அவர். "நீங்களே எங்களுக்குக் கத்துக்கொடுத்ததுதானே?"

அதற்குள் அவள் வாக்குமூலம் உலகமெல்லாம் பரவிவிட்டது. மகராசி, என்ன நேர்மை என்று எழுதினார்கள். திருடி என்றும் எழுதினார்கள். வைவதென்றாலும் அவளை மேற்கோள் காட்டித்தானே வைய வேண்டும்? தாக்கமானிக்கு வசவும் வாழ்த்தும் ஒன்றுதான். சரி, இத்தனை பேரில் ஒருவராவது சிகாமணியின் மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துக் காட்டியிருக்கக் கூடாதா? அட, அந்தப் பழக்கமெல்லாம் போய் எத்தனை காலமாச்சு! அவள் எடுத்துப் போட்ட பத்தியை அவளிடமிருந்தே எடுத்து, கீழே அவள் பெயரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். என்னைக் காட்டாதீர்கள், அவனைக் காட்டுங்கள் என்று இன்னொரு கட்டுரை எழுதினாள். அதையும் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பூட்டு விழுந்தது. சிகாமணி நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டான். போகும்போது, "ரொம்ப மனசு சங்கடப்படாத மங்கை," என்று மட்டும் சொன்னான். வைதிருந்தால் அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாள்.

இரண்டு மாதம் கழித்துக் குழு கூடியது. ஆள் குறைந்த துறைகளில் கழித்தல் செல்லாது என்று புது விதி வந்தது. அடுத்த ஆண்டிலிருந்துதான் நடைமுறை, மூடியது மூடியதுதான். விதியின் பெயர் 'மங்கையர்க்கரசி விதிவிலக்கு'. அந்தப் பெயர் வேண்டாம் என்று அவள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். தன்னடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள். விதிவிலக்கை ஆராய ஒரு தனி மையம் ஒதுக்கினார்கள். இடம், காலியாகக் கிடந்த செவித்தேடகம்.

மையம் திறந்த மறுநாள் காலை ஆவுடையப்பன் வந்தார். பூட்டு விழுமுன்பே ஊருக்குப் போயிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலக் கதவில் கையை வைத்துத் தடவினார். சிகாமணி இருந்தவரை அங்கே விரலால் படிக்கிற புள்ளி எழுத்துப் பலகை இருந்தது. இப்போது வழவழவென்று கண்ணாடி. அதற்குள்ளே ஒளியால் எழுதிய பெயர், பெயருக்குக் கீழே எண். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"யாரு, மங்கையர்க்கரசி மேடமா? செண்ட் வாசனை வருதே." அவர் இன்னும் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். "கதவுல ஒண்ணுமே இல்லையே மேடம். சார் பேரு எங்க?"

அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"புதுசா ஏதாவது எழுதியிருக்காங்களா? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

வராந்தாவில் டீ குடிக்கப் போனவர்கள் நின்றார்கள். மங்கையர்க்கரசி தன் பெயரை அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். பிறகு, அவர் கேட்காமலேயே, எண்ணையும் படித்தாள்.