கொடித்துணி அசையாத மாலை

கொடியில் கிடந்த துணிகளில் ஒரு கைக்குட்டைகூட அசையவில்லை. ஆனால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் நட்டிருந்த குட்டிக் காற்றாலை மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் விரலை நாக்கில் நனைத்து உயர்த்திப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சில்லிடவில்லை.

"ஏங்க, காத்தே இல்ல. இது எப்படிச் சுத்துது?"

"சுத்துதுல்ல? அதப் பாத்து சந்தோஷப்படு. ஏன் சுத்துதுன்னு கேக்குற ஒரே ஆளு நீதான்," என்றார் கணவர். மாடியறைக் கட்டிலில் சாய்ந்தபடி, எத்தனை வாட் வருகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். மோட்டாரைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்துபோகும். மாடியறைக் கூரையில் இருந்த சோலார் பலகைகள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. மூட்டம் போட்ட நாட்களில் மட்டும் பேட்டரி படுத்துவிடும், அவளுடைய தையல் மெஷின் பாதித் தையலில் நின்றுவிடும். அந்தச் சாக்கில் காற்றாலையைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் உனக்காகத்தான் என்று பெருமை வேறு. வீட்டின் மேல் வேண்டாம், தள்ளி உயரமான கம்பத்தில் வையுங்கள் என்று மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர் கேட்கிற ஆளா? கைக்கு எட்டினால்தான் நானே எண்ணெய் போட முடியும் என்று சொல்லி, மாடியறை வாசலுக்கு நேர் எதிரே ஒரு குட்டைக் குழாயின் மேல் பொருத்தவைத்தார்.

மூன்று வாரமாக அந்த இரைச்சல் அவள் பல்லுக்குள் புகுந்து குடைந்தது. அதே மூன்று வாரமாகத்தான் அவருக்கு மூச்சு வாங்குகிறது. படியேறினால் இரண்டு இடத்தில் நிற்கிறார். நெஞ்சில் ஒன்றும் இல்லை, வயசாகிறது என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

துணியை எடுத்துக் கூடையில் போட்டபடி அவள் காற்றாலையை நன்றாகப் பார்த்தாள். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதற்குத்தான் பின்னால் அந்த வால் என்று அவரே பாடம் எடுத்திருக்கிறார். இப்போது அதன் முகம் மாடியறை வாசலைப் பார்த்து இருந்தது. காற்று அந்த அறைக்குள்ளிருந்தா வரும்?

"ஏங்க, கொஞ்சம் அந்தத் தண்ணித் தொட்டி பக்கம் போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"போங்களேன்."

முனகிக்கொண்டே எழுந்து போனார். வால் மெல்ல நகர்ந்தது. இறக்கைகளின் முகம் தொட்டிப் பக்கம் திரும்பியது. அவர் திரும்பி நடந்துவந்து கட்டிலில் விழுந்தார். அதுவும் கூடவே திரும்பி வந்து நின்றது.

"அது உங்களத்தான் பாக்குது."

"அழகா இருக்கேன், பாக்குது." சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. அந்த நொடியில் இறக்கைகள் கீச்சென்று வேகமெடுத்தன. "ஏய்… நூத்தி இருபது வாட்!" என்றார் இழுத்து இழுத்து.

அவள் கூடையை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் ஓடினாள். தன் கைபேசியை எங்கோ வைத்துவிட்டிருந்தாள். அவருடையதைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனை அழைத்தாள்.

"காத்து இல்லாம எப்படிம்மா சுத்தும்? உங்களுக்குத் தெரியாம மேல அடிக்கும். அன்னைக்கே சொன்னேன், சார் கேட்டாரா? சத்தம் பிடிக்கலேன்னா கதவு பக்கத்துல சிவப்பு சுவிட்ச் இருக்கும், அதான் பிரேக். போட்டா நின்னுடும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டார். யாரைக் கேட்டாலும் இதே பாட்டு. ஒருவருக்காவது காது இருக்கிறதா?

கைபேசியை அவர் நெஞ்சின் மேல் போட்டுவிட்டுச் சுவிட்ச் பக்கம் போனாள்.

"ஏய், தொடாத! பேட்டரி இன்னும் நிறையல."

"நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் இந்தச் சனியன் நிக்கட்டும்."

போட்டாள்.

இறக்கைகள் வெட்டி இழுத்தன. நின்றன.

எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி ஓர் அமைதி. பக்கத்துத் தெருவில் யாரோ வாளி வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவள் கண்ணை மூடி, "அப்பாடா" என்றாள்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அவள் சொல்லி அவர் எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்ததே கிடையாது. திரும்பினாள். வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. நெஞ்சின் மேல் கைபேசி. அது ஏறவில்லை. இறங்கவில்லை.

சுவிட்சைத் தட்டி பிரேக்கை எடுத்தாள். இறக்கைகள் அசையவில்லை. அசைக்கக் காற்று எங்கே இருக்கிறது? தோளைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சில் குத்தினாள். கத்தினாள். ஒன்றும் இல்லை.

ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. ஓடினாள். அவர் கைக்கு எட்டுகிற இறக்கை அவளுக்கு எட்டவில்லை; துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். இறக்கையைப் பிடித்துத் தள்ளினாள்.

அறைக்குள்ளிருந்து ஒரு மூச்சு.

மறுபடி தள்ளினாள். மறுபடி ஒரு மூச்சு. தள்ளாமல் நின்று பார்த்தாள். மூச்சு இல்லை.

"ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று தெருவைப் பார்த்து அலறினாள். எதிர்வீட்டில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கைபேசி அவர் நெஞ்சின் மேல். பத்து அடி. கூடையிலிருந்து குதித்து ஓடினாள். நாலாவது அடியில் இறக்கைகள் ஓய்ந்தன. அவர் முகம் நீலம் பாய்வதைக் கண்ணால் பார்த்தாள். திரும்பி ஓடிவந்து தள்ளினாள்.

இருட்டிவிட்டது. உள்ளங்கை கிழிந்து பிசுபிசுத்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தள்ளினாள். கைபேசித் திரை ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் கண்கள் மெல்லச் சுழன்று எண்களைத் தேடின. உதடு அசைந்தது. ஒரு தள்ளுக்கு ஒரு துண்டாக வார்த்தை வந்தது.

"இன்…"

தள்ளினாள்.

"…னும்…"

தள்ளினாள்.

"…வேக…"

கை வழுக்கியது. இறக்கை நின்றது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. கண் திரையிலேயே இருந்தது. அவள் அழுதுகொண்டே இடது கையால் எட்டிப் பிடித்துத் தள்ளினாள்.

"…மா."