இறக்கி வைத்த குரல்

"எங்க அக்காவுக்குச் சீராக் குடுத்த காரைத் திருப்பிக் குடுங்க மாமா."

பெண்ணோடு கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் நம் மானம்தான் போகும், வாயே திறக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். படித்த திமிர் என்றே இருக்கட்டும். அக்கா ஸ்டெஃபி கடைசியாக உட்கார்ந்திருந்த இடம் அந்தக் கார்.

சண்டை போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கிப் போனாள், திருநின்றவூர் ஏரியில் விழுந்து செத்துப்போனாள் என்பது அவள் கணவன் ஃபெலிக்ஸ் சொன்ன கதை. எல்லோரும் நம்பினார்கள். நான் மட்டும் எப்படி விழுந்தாள் என்று பைத்தியம் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் மறுக்கவில்லை. சாவியை நீட்டினான்.

"எடுத்துகினு போ ஸ்வீட்டி. ஸ்டீரியோ செட்டிங்ல மட்டும் கைய வெக்காத."

நசரத்பேட்டை வீட்டின் பின்பக்கம், உச்சி வெயிலில் கார் நின்றது. ஏறிக் கதவைச் சாத்தினேன். ஹைவே லாரிச் சத்தம் அடங்கிப்போனது. வெந்த ரெக்ஸின் வாடை. அதற்கு அடியில் அவளுடைய பவுடர். அதற்கும் அடியில் வியர்வை, இப்போதுதான் வழிந்தது போல.

சாவியைத் திருப்பியதும் எஃப்.எம். பாடியது. இசை இருந்தது, பாடுகிறவளுக்குத் தொண்டையே இல்லை. திரையில் ஈக்வலைசரைத் திறந்தேன். ஒலியின் எந்த இடத்தை, எவ்வளவு அகலத்துக்கு, ஏற்றுவதா இறக்குவதா என்று தனித்தனியாக வைக்கிற பாராமெட்ரிக் வகை. எல்லாம் சமமாக இருந்தன. பேச்சுக்குரல் விழும் ஒரே இடம் மட்டும் ஊசி அகலத்தில் அடிமட்டம் வரை வெட்டப்பட்டிருந்தது.

பாட்டு கேட்கிறவன் இப்படி வைக்க மாட்டான். எதையோ கேட்காமலிருக்க வைத்தது.

விரலால் மேலே தள்ளினேன்.

பாட்டுக்கு அடியில் மூச்சு.

இன்னும் தள்ளினேன்.

"லாக்க எடுங்க... உள்ள வேவுது... மூச்சு முட்டுதுங்க..."

ஸ்டெஃபி.

அவள் இறங்கிப் போகவேயில்லை.

"அக்கா" என்றேன். ஸ்பீக்கரில் அவள் குரல் நின்றது. பிறகு ஸ்பீக்கரிலிருந்து அல்ல, பின்சீட்டிலிருந்து, என் காதோரம்:

"நீ எறங்கு ஸ்வீட்டி."

கதவு தானாகத் திறந்தது. சாவியை அப்படியே விட்டு வெளியே விழுந்தேன்.

ஃபெலிக்ஸ் ஓடிவந்தான். "கைய வெச்சியா?" என்று கிசுகிசுத்தான். என் முகமே சொல்லிவிட்டது. உள்ளே பாய்ந்து திரையைத் தேய்த்தான்.

கதவு சாத்திக்கொண்டது.

எல்லா லாக்கும் ஒன்றாக விழுந்தன.

கண்ணாடியை அறைந்தான். வாய் திறந்து மூடியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அவனுக்குப் பின்னால், ஆளில்லாத சீட்டருகே கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்தது, ஒரு வாய் அளவுக்கு. மறைந்தது. மறுபடி படிந்தது.

என் காலருகே ஒரு கருங்கல் கிடந்தது. கண்ணாடியை உடைக்கப் போதும். அவன் அதையே காட்டிக் காட்டிக் கும்பிட்டான்.

கல்லைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.