நாலு விரல் இடைவெளி

புது இரும்பு அடுப்பை மாடத்துக்குள் தள்ளியபோது இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி நின்றது. முந்தின நாள் அளந்தபோது மாடத்தின் அகலம் இருபத்து நாலு அங்குலம், அடுப்பின் அகலமும் அதேதான். அளந்தவன் தனகோடி. வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

"அண்ணே, ஒரு மேஸ்திரிய கூப்பிட்டு மாடத்த இடிச்சிட்டு, அடுப்புக்கு ஏத்த மாதிரி கட்டிக்கலாம். அரை நாள் வேலை," என்றான் வெல்டிங் கடை வெங்கடாசலம்.

"மாடத்துல யாரும் கை வைக்கக் கூடாதுப்பா. மாடத்துக்கு ஏத்த அடுப்புதான் எனக்கு வேணும்."

குரல் கொஞ்சம் உரக்கப் போய்விட்டது. வெங்கடாசலம் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து ஒட்டித் தருவதாகச் சொல்லி அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மரக்காணத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ரோட்டு ஓரத்தில், ஒரு காலத்தில் பேக்கரியாக இருந்த கட்டடத்தில்தான் தனகோடி மெஸ் நடத்துகிறான். சமையல்கட்டுச் சுவரில் செங்கல் மாடம். அதற்கு மேலே ஓர் ஆள் ஏறிப் போகிற அளவுக்குப் புகைக்கூண்டு. 'விறகு அடுப்புச் சமையல்' என்று போர்டு போட்டுத்தான் கார்க்காரர்களை இழுக்கிறான். பழைய அடுப்பு விரிசல் விட்டதற்கும் அவனுடைய கஞ்சத்தனம்தான் காரணம். உப்பளத்து மதகில் கழற்றிப் போட்ட பலகைகளையும் உப்பு ஊறிய சவுக்கு முளைகளையும் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிவந்து எரித்தான். உப்பு ஊறிய கட்டை இரும்பை அரித்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனுக்கும் தெரியும். ஆனாலும் காசு கொடுத்து விறகு வாங்க மனசு வரவில்லை.

மாடத்தை இடிக்க விடாததற்குக் காரணம் வேறு. புகைக்கூண்டுக்குள் ஆரோக்கியராஜ் இருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவன்தான் மெஸ்ஸில் மாஸ்டர். அவன் கைப்பக்குவத்துக்காகவே கூனிமேட்டிலிருந்தும் வானூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எதிர்ப்பக்கம் சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று அவன் சொன்ன மறுவாரம், கரி அடைத்திருக்கிறது, கொஞ்சம் ஏறிச் சுரண்டிவிட்டு வா என்று தனகோடி அவனை மேலே ஏற்றினான். ஏறியதும் கீழே ஈரக் கட்டையைப் போட்டுக் கொளுத்தினான். மேலே இருமல் நிற்கிற வரைக்கும் நின்று கேட்டான், பாவி. பிறகு புகை போக ஒரு சந்து விட்டு, குறுக்கே செங்கல் அடுக்கி மறைத்தான். கருவாடு காய்கிற ஊரில் எந்த நாற்றமும் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஆரோக்கியராஜ் யாரையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. அவன் பெண்டாட்டி சகாயமேரி மட்டும் அதை நம்பவில்லை. அதே சமையல்கட்டில் வேலை கேட்டு வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து அந்த அடுப்பில் நெருப்பு அணைந்ததே இல்லை. ராத்திரியில்கூடத் தணலைச் சாம்பலால் மூடிவைத்துவிட்டுத்தான் தனகோடி படுப்பான். இந்த நாலு நாளாகத்தான் மாடம் குளிர்ந்து கிடந்தது.

மறுநாள் மத்தியானம் அடுப்பு முப்பது அங்குலமாகத் திரும்பி வந்தது. உப்புப் பாத்திகளெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற ஐப்பசி மழை, விடாமல் தகரக் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை. அடுப்பை உள்ளே தள்ளினார்கள்.

இரண்டு பக்கமும் நாலு விரல்.

வெங்கடாசலம் டேப்பை நீட்டினான். மாடம் முப்பத்தாறு அங்குலம். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, செவுரு எப்படிண்ணே நகரும்?"

"நீ தப்பா அளந்திருப்ப. இன்னொரு தகடு வச்சி எடுத்துட்டு வா."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சகாயமேரி நிமிரவே இல்லை. "காலைல உள்ள கைய விட்டுப் பாத்தேன் மொதலாளி. நாலு நாளா நெருப்பே இல்ல. ஆனா வெதவெதன்னு இருக்குது. ஜொரம் வந்த ஒடம்பு மாதிரி."

தனகோடி உள்ளே கையை விட்டுப் பார்க்காமல் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தான்.

மூன்றாம் நாளும் மழை. வெங்கடாசலம் அடுப்பை இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து பொருத்தித் தருகிறேன் என்று உள்ளே காலே வைக்காமல் போய்விட்டான். புகைக்கூண்டிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகக் கரி உதிர்ந்துகொண்டிருந்தது. அதோடு ஒரு செங்கல் துண்டும் விழுந்தது. மேலே அடுக்கிய செங்கல் சரிந்துவிட்டதோ? சாயங்காலம் அவன் வந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது. வாழ்நாளெல்லாம் ஜெயில்தான்.

சகாயமேரியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தனகோடி மாடத்துக்குள் குனிந்து நுழைந்து நிமிர்ந்தான். உள்ளே கரியும் உப்பும் பழைய கொழுப்பும் கலந்த வாடை. தோள் இரண்டு பக்கமும் உரச, செங்கல் விளிம்புகளைப் பிடித்து மெல்ல மேலே ஏறினான். மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. கையை நீட்டித் தடவினான். செங்கல் இல்லை. ஒன்றுகூட இல்லை. இன்னும் மேலே தடவினான்.

அங்கே யாரும் இல்லை.

காலி.

கீழே சிமெண்டுத் தரையில் இரும்பு இழுபட்டது. மெதுவாக. காலுக்கு அடியில் இருந்த வெளிச்சம் சுருங்கிக் கோடானது. அந்தக் கோடும் போனது. அடுப்பு மாடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. விரல் நுழைய இடமில்லை.

"மேரி," என்றான். இறங்கப் பார்த்தான். தோளைச் சுவர் இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும்.

கடைக்குப் போன சகாயமேரியின் குரல் கீழே கேட்டது. இந்த மூன்று வருஷத்தில் அவள் ஒரு நாளும் அப்படிக் குழைந்து பேசியதில்லை.

"முதுகெல்லாம் கரியா கீது. மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

பதிலுக்கு ஓர் இருமல். நீளமான, வறண்ட இருமல்.

அடுப்புக்குள் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிற சத்தம். அவசரமில்லாத, பழகின கை. அடுப்பின் மேல்தட்டில் சட்டி வைக்கிற வட்டமான ஓட்டை வழியாகத் தனகோடி கீழே பார்த்தான். சதை ஒட்டிக் காய்ந்த ஒரு கறுத்த கை தீக்குச்சியைக் கிழித்து, சுடர் நின்று எரிகிற வரைக்கும் பொத்திப் பிடித்திருந்தது.