திரைக்குள் செத்த மார்கெரித்

“உயிரோட இருக்கிற மனுஷியை நான் சாகடிச்சிட்டேனாம் சார்!”

1988, தவக்காலத்துச் சனிக்கிழமை. வாசற்படியிலேயே நின்று இதைச் சொன்ன ஐரேனுக்கு மூச்சு வாங்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் துப்பறிய வந்த அம்மையப்பன் நாற்காலியைக் காட்டினார். உதவியாளன் மரியசெல்வம் அதற்குள் நோட்டைப் பிரித்துவிட்டான்.

“உட்காருங்கம்மா. யாரை?”

“தலத்தெரு மார்கெரித் அம்மாவை. வீட்டை வித்துட்டு பிரான்சுல மகள்கிட்ட போக இருந்தாங்க. பாவம், அவங்க வீட்டு மாடியில குடியிருக்கிற எங்க மேனேஜருக்கே ஞாயித்துக்கிழமை சோறு அவங்க கையாலதான்.”

பிரான்சுக்குப் போகிறவர்களின் தாள்களைக் கவனிக்கும் தனியார் அலுவலகத்தில் ஐரேனுக்கு வேலை. அங்கிருக்கும் டெர்மினல், டெலிபோன் லைன் வழியே புதுச்சேரி கம்ப்யூட்டரோடு பேசும். மார்கெரித்தின் பதிவில் நேற்று ‘இறந்துவிட்டார்’ என்று ஏறியிருந்தது. ஐரேனின் பாஸ்வேர்டில்.

“நாலரைக்கு கோயிலுக்கு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனேன் சார். திரும்பி வந்தா ஆபீஸ் பூட்டிக் கிடந்துச்சு.”

“போறப்ப லாக்அவுட் அடிச்சீங்களா?”

தலை குனிந்தது. “இல்லீங்க. பாண்டி லைன் கிடைக்க ஒரு மணி நேரமாகும். கிடைச்ச லைனை யாரும் விடமாட்டோம். கீபோர்டு மேல துணியைப் போர்த்திட்டுப் போயிடுவோம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் ராஜினாமா எழுதணும்னு மேனேஜர் சொல்றாரு. இல்லேன்னா போலீஸாம்.”

அம்மையப்பன் புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டார். இரண்டே கேள்வி. “நல்லதுங்க” என்று வைத்துவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு ஐரேனின் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகத்தில் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குளிர்ந்த அறைக்குள் மூக்குப்பொடியின் காரநெடி அடித்தது. மேனேஜர் ரோழே பழுப்பேறிய கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டு, அதே கையால் அம்மையப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாங்க மிஸ்யே. இவளுக்காகவா வந்தீங்க? நாலரைக்கு முன்னாடி அடிச்சுத் தொலைச்சிட்டு கோயிலுக்கு ஓடியிருக்கா. நல்ல பக்தி!”

“அப்புறம் இங்க யார் இருந்தா?”

“நான்தான். பியூன் செல்லையனை நாலு மணிக்கே தபாலாபீசுக்கு அனுப்பிட்டேன், அப்படியே வீட்டுக்குப் போயிட்டான். அஞ்சேகாலுக்கு என் ரூமை விட்டு வெளியில வந்தேன், டெர்மினல் திரை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மெயினை அணைச்சேன், பூட்டினேன். அந்தப் பொட்டியை நான் தொட்டதே இல்லே.”

அம்மையப்பன் கீபோர்டின் துணியை ஓரம் பிடித்துத் தூக்கினார். எழுத்துப் பொத்தான்களின் இடுக்கில் பழுப்புப் பொடி.

மரியசெல்வம் துள்ளினான். “மூக்குப்பொடி சார்!”

“இரு. அது வெறும் அசிங்கம். சாட்சி வேற இருக்கு.” ரோழேயிடம் திரும்பினார். “புதுச்சேரிக்காரரை ரெண்டு கேள்வி கேட்டேன். கரண்ட் போய் லைன் அறுந்தா அடிச்சது என்ன ஆகும்? எதுவுமே ஏறாதாம். லாக்அவுட் அடிச்சு முறையா முடிச்சாத்தான் பதிவுல ஏறுமாம். சரி, நேத்து எப்படி முடிஞ்சது? அஞ்சு பன்னிரண்டுக்கு, லாக்அவுட் அடிச்சு.”

ரோழே கைக்குட்டையைத் தேடினார்.

“நீங்க சொன்ன மாதிரி மெயினை மட்டும் அணைச்சிருந்தீங்கன்னா, இவங்க எதை அடிச்சிருந்தாலும் அழிஞ்சிருக்கும். மார்கெரித் அம்மா உயிரோட இருந்திருப்பாங்க. அஞ்சு பன்னிரண்டுக்கு ஐரேன் கோயில்ல முழங்கால்ல நிக்கிறாங்க. செல்லையன் வீட்டுல. லாக்அவுட் அடிச்ச கை யாருது?”



“அவங்க வீட்டை வித்துட்டா நான் எங்க மிஸ்யே போவேன்?” ரோழே பல்லைக் காட்டினார். “தாளு சிக்கினா பயணம் நிக்கும், விற்பனையும் நிக்கும். நிஜமா யாரும் சாகலையே!”

“போன ஞாயித்துக்கிழமையும் அங்கதான சாப்பிட்டீங்க?” என்றாள் ஐரேன்.

“ஆமா. மீன் குழம்பு.”

மரியசெல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புதுச்சேரி லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்துப் பொத்தான்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஐரேன் மார்கெரித்துக்கு உயிர் கொடுத்தாள். பிறகு லாக்அவுட் அடித்தாள். “இனிமே தண்ணி குடிக்க எழுந்தாலும் இதை அடிச்சிட்டுத்தான்” என்றாள்.

வெளியே அம்மையப்பன் மூன்றாவது தடவையாகக் கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க பொடியைத் தொடவே இல்லையே சார்?” என்றான் மரியசெல்வம்.

“பொடி கிடக்குது, விடு. அந்தாளு என் கையைக் குலுக்கினான்ல?”