உடன் அழைத்துச் செல்பவர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த ஹார்ட் டிஸ்க் வட்டு அப்படிச் சத்தம் போட்டிருக்கக் கூடாது. வெளிநோயாளிகள் பிரிவு பூட்டிக் கிடந்தது. மேசைக் கணினிகள் எல்லாம் போர்வை போர்த்திக் கிடந்தன. ஆனால் மருத்துவமனையின் அடித்தளத்தில், ஈரச் சுவரும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து மணக்கும் அந்த ஜன்னலில்லாத அறையில், பழைய யூனிக்ஸ் சர்வர் மட்டும் யாரோ தகரப்பெட்டியை உள்ளிருந்து நகத்தால் பிறாண்டுவதுபோல விடாமல் கரகரத்துக்கொண்டிருந்தது.

ஊழியர்கள் அதைப் 'பெருசு' என்பார்கள். பதினோரு வருடமாக அதை யாரும் அணைத்ததில்லை. அணைத்தால் மறுபடி எழுந்திருக்கும் என்று சொல்லவும் ஆளில்லை.

பெருசைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது; இன்று விடுமுறை. மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில், ஆறாம் படுக்கையில், தம்பி நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை. அதனால்தான் வந்திருந்தாள். அவன் கையில் மருந்து ஏற்றும் பம்ப்புக்கு அளவு சொல்வது பெருசுதான். இது நின்றால் அதுவும் நிற்கும்.

இன்டர்காம் அடித்தது. மேலே இருந்து பெரிய சிஸ்டர்.

"என்னம்மா, உங்க பெருசுக்கு மூச்சு வாங்குது போல? எட்டாம் படுக்கைக்கு அளவு மாத்தினா ரெண்டு நிமிஷம் யோசிக்குது."

"பாத்துட்டுதான் இருக்கேன் சிஸ்டர். தம்பி?"

"அப்படியேதான் இருக்கான். நான் இவனப் பாத்துக்கறேன், நீங்க அதப் பாருங்க."

திரையில் ஸ்வாப் நான்கு சதவீதம்தான் மிச்சமிருந்தது. நினைவகத்தில் இடம் பற்றாதபோது, சும்மா கிடக்கும் வேலைகளைத் தூக்கி வட்டின் ஓரத்தில் தூங்க வைப்பது இந்த மாதிரி இயந்திரங்களின் வழக்கம். அந்த ஓரம்தான் ஸ்வாப். அங்கே அப்படி யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தாள்.

எல்லாம் நோயாளிகளின் பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு வார்டு, ஒரு படுக்கை எண். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. முதலாவது திறந்து பதினோரு வருடமாகியிருந்தது.

"சிஸ்டர், டிஸ்சார்ஜ் ஆனவங்க பதிவ ஏன் யாருமே மூடல?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க டிஸ்சார்ஜ் ஆனவங்க இல்லம்மா. அந்தத் திரையில இருக்கறது ஒரே ஒரு பட்டன். 'வீடு திரும்பினார்.' செத்தவங்களுக்கு அத எப்படி அமுக்கறது? யாருக்கும் கை வரல, அப்படியே விட்டுட்டோம்."

"பதினோரு வருஷமாவா?"

"உங்களுக்கு முன்ன இருந்தவர்கிட்ட இன்னொரு பட்டன் கேட்டோம். போடறேன் போடறேன்னார். கடைசில அவரே நாலாம் வார்டுலதான் போனார்." சிஸ்டர் சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

மூன்று சதவீதம்.

பதிவுகளைப் பாதியில் வெட்டினால் பம்ப் நிரலும் சேர்ந்து விழுந்துவிடும். முறைப்படிதான் மூட வேண்டும். தூங்கும் பதிவுகள் தீரும்வரை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து 'வீடு திரும்பினார்' கொடுக்கும்படி நாலு வரி எழுதி ஓட்டினாள். நிரல் ஒரு கேள்வி கேட்டு நின்றது.

உடன் அழைத்துச் செல்பவர் பெயர்?

கூட வர ஆளில்லாமல் யாரையும் வெளியே விடாத மருத்துவமனை அது. காலியாக விட்டுப் பார்த்தாள். ஏற்கவில்லை. இரண்டு சதவீதம். யோசிக்க நேரமில்லை. தன் பெயரை அடித்தாள்.

வட்டு அலறியது. தூங்குவதை மூட வேண்டுமானால் முதலில் எழுப்பியாக வேண்டும். ஒவ்வொரு பெயராக நினைவகத்துக்குள் எழுந்து, ஒரு கணம் விழித்திருந்து, போனது. ஐந்து சதவீதம். பதினெட்டு. நாற்பது. அவளுக்கு மூச்சு வந்தது. அறையில் ஸ்பிரிட் வாசனையும் வந்தது, நெடுநாள் மூடிவைத்த போர்வையை உதறியதுபோல.

இன்டர்காம்.

"அம்மா, பெல்ல ஏதாவது சோதிக்கிறீங்களா? காலிப் படுக்கையிலேர்ந்தெல்லாம் அடிக்குது."

"இல்லயே சிஸ்டர்."

"நாலாம் வார்டு பூட்டிக் கிடக்கு. அங்கேருந்தும் அடிக்குது."

இணைப்பு அறுந்தது.

வட்டு நின்றது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையில் அமைதி. அந்த அமைதியில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள். நிறைய. அவசரமில்லாமல், ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, நோயாளிகள் இறங்குவதுபோல.

திரையில் ஒரே வரி.

வீடு திரும்பியவர்கள்: 214.

இருநூற்றுப் பதின்மூன்றுதானே?

எழுந்தவர்களுக்கு இடம் வேண்டும். இடம் பற்றாவிட்டால் இயந்திரம் விழித்திருக்கும் ஒன்றைத் தூங்கப் போடும். ரொம்ப நேரமாக அசையாமல் இருப்பதாகப் பார்த்து. நான்கு நாளாக அளவு மாறாத ஒன்றை. அப்படித் தூங்கியதையும் அவள் எழுதிய நாலு வரி தேடிப் பிடித்திருக்கும்.

பட்டியலின் கடைசிக்குப் போனாள்.

தீவிர சிகிச்சை. படுக்கை ஆறு.

கதவின் கண்ணாடி மங்கியது. வெளியிலிருந்து யாரோ அதைத் துடைத்தார்கள். நடைபாதை முழுக்கச் சாயம்போன வார்டு அங்கிகள். தள்ளுமுள்ளு இல்லை. பேர் கூப்பிடக் காத்திருப்பவர்களைப் போல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டம் மெல்ல விலகி ஒருவனுக்கு வழி விட்டது. வெறுங்கால். கையில் பாதி பிய்ந்த பிளாஸ்திரி. அது தொங்கிய இடத்தில் ரத்தம் வரவில்லை. நான்கு நாளாக மூடியிருந்த கண்கள் அகலத் திறந்திருந்தன.

"போலாமாக்கா?" என்றான் தம்பி. அவன் பின்னால் அத்தனை பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள்.